ஓர் அடி பின்னால்

வியாழன் மாலை, இரண்டாம் மாடி.
ஒலிவாங்கி என் பொறுப்பு.
'அடையாளம், நலம், நீதி: ஆறு வாரப் பட்டறை.'
இது மூன்றாவது.
முதல் வாரம் நாற்பது பேர்.
பீட்சா நின்றதும் பதினொன்று.

வெளியே செயின்ட் ஜான்ஸின் மூடுபனி
துறைமுகத்திலிருந்து ஏறி வந்து
கார்களை வரிசை வரிசையாக
விழுங்கிக்கொண்டிருந்தது.

முனைவர் ஜோசலின் பெக்
தரையில் நீல நாடா ஒட்டினார்.
"கோட்டில் நில்லுங்கள். ஒரு வாக்கியம் சொல்வேன்.
ஓர் அடி முன்னால், அல்லது பின்னால்.
பேச வேண்டாம்."
பன்னிரண்டு பேராவது இருந்தால்தான்
படம் தெளிவாகுமாம்.

குப்பைப் பை மாற்ற வந்த
பிலோமினா கீலியைக் கேட்டார்கள்.
கையுறையைக் கழற்றி
இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.
பெயர் எழுத ஒட்டுத்தாள் தந்தார்கள்.
சட்டையில் ஏற்கெனவே தைத்திருந்த பெயருக்குப் பக்கத்தில்
அதே பெயரை எழுதி ஒட்டிக்கொண்டார்.

"வீட்டில் ஐம்பது புத்தகங்களுக்கு மேல் இருந்தவர்கள்
ஓர் அடி முன்னால்."
காலணிகள் கிறீச்சிட்டன.

"உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது சிரித்திருந்தால்
ஓர் அடி பின்னால்."
லாப்ரடார் கரையிலிருந்து படிக்க வந்த செல்மா ஓபெட்
பின்னால் போனாள்.
பிலோமினாவும்.
இருவரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்,
பேருந்தில் ஒரே நிறுத்தத்துக்கு
மணியடித்தவர்கள் போல.

(சிரித்தவர்களுக்கென்று
பட்டியலில் ஒரு வாக்கியமும் இல்லை.
நான் மேசைக்குப் பின்னால்
ஒலி அளவைச் சரிபார்த்தேன்,
சரியாகத்தான் இருந்தது.)

"பெற்றோர் வேலையிழந்ததைப் பார்த்தவர்கள்
ஓர் அடி பின்னால்."
பிலோமினா இரண்டு வைத்தார்.
"ஒன்றுதான்," என்றார் முனைவர், மென்மையாக.
"காட் மீனுக்குத் தடை வந்த வருஷம்
படகில் அப்பாவுக்கு ஒன்று.
ஆலையில் அம்மாவுக்கு ஒன்று."
கணக்கில் பிழையில்லை.
யாரும் மறுக்கவில்லை.

பிறகு வாடகை. பிறகு பல் வைத்தியம்.
பிறகு பாதியில் விட்ட பள்ளி.
பார்க்காமலே பின்னால் போய்க்கொண்டிருந்தவரின் முதுகு
அவசர வழிக் கதவின் இரும்புக் கம்பியில்
இடித்தது.

கட்டடம் முழுக்க அலறியது.

வெளியே நின்றோம்.
மூடுபனிக்குள் முன்னால் யார் பின்னால் யார் என்று
தெரியவில்லை, எல்லோரும் ஒன்றானோம்
என்று எழுத ஆசைதான்.
இல்லை. கோட்டு இருந்தவர்களுக்குக் குளிரவில்லை.

பிலோமினா இடுப்புச் சுருளிலிருந்து
கறுப்புப் பைகளைக் கிழித்தார்,
பல்லால் கடித்துத் தலைக்கு ஓட்டை போட்டார்.
செல்மாவுக்கு ஒன்று. முனைவருக்கு ஒன்று.
பைக்குள் முனைவர் சிரித்த சிரிப்பு
மேடைச் சிரிப்பு இல்லை.

"அடுத்த வாரம் நீங்கள் வந்து பேசுங்களேன்," என்றார்.
"உங்கள் கதை இவர்களுக்குத் தேவை."
"என் வேலை நேரத்துக்குள்ளா, வெளியிலா?"

தீயணைப்பு வண்டி வந்துவிட்டது.
அந்தக் கேள்வி
பதில் வாங்காமலே
சைரனுக்கு அடியில் நின்றது.

உள்ளே போனேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது:
பத்தொன்பது நிமிஷம் அலாரம்,
அதற்கு முன் ஒரு நொடி
"ஐயோ கடவுளே" என்று ஒரு குரல்,
எங்கள் தெற்குக் கரைப் பேச்சில்.
கல்லூரியில் முதல் வருஷமே
நான் கழற்றிப் போட்ட பேச்சு.
மின்தூக்கியில் இதே பிலோமினா ஏதோ கேட்டபோது
நண்பர்களோடு சேர்ந்து நானும்
சிரித்த பேச்சு.
அவருக்கு நினைவிருக்கிறதா
என்று கேட்டதில்லை.
இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி.
நீல நாடாவை அவர்தான்
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.
நானும் மறு முனையில் குந்தினேன்.
"உன் ஷிப்டு ஒன்பதுக்கல்லவா?" என்றார்.
ஆமாம் என்றேன்,
எங்கள் பேச்சில். நாக்கு தடுக்கியது.

அவர் சிரிக்கவில்லை.
பசை மட்டும்
போகவே மாட்டேன் என்றது.